யாருடைய மூச்சு?

பிரஷர் சப்போர்ட் என்பது, மூச்சைத் தானே தொடங்கும் நோயாளிக்கு அந்த ஒரு மூச்சை இழுத்து முடிக்கும்வரை காற்றழுத்தம் தந்து துணைநிற்கும் வென்டிலேட்டர் முறை. 1980களின் தொடக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த இம்முறை, கருவியிலிருந்து நோயாளியை விடுவிக்கும் கட்டத்தில் இன்று உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுகிறது. மருத்துவத்துக்கு இது ஒரு வசதி. தத்துவத்துக்கும் சமயச் சிந்தனைக்கும் ஒரு தொல்லை. கருவியால் ஓடும் மூச்சு, தானாக ஓடும் மூச்சு என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, முதலாவதை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டுவந்த பழைய விவாதத்துக்குள் இது அடங்க மறுக்கிறது. இங்கே ஒவ்வொரு மூச்சிலும் நோயாளிக்கு ஒரு பங்கு, கருவிக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கும் நிலையானதன்று. மருத்துவர் ஒரு குமிழைத் திருப்பினால் மாறிவிடும்.

செயல்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் தொல்லை புரியும். நோயாளியின் உதரவிதானம் சுருங்கியதும் குழாய்க்குள் காற்று மெல்ல நகரத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற அளவிலான அந்தச் சிறு நகர்வைக் கருவியின் உணரி கண்டுகொள்ளும். உடனே வால்வு திறந்து, முன்கூட்டிக் குறித்துவைத்த அளவுக்கு, 8 என்றோ 12 என்றோ 15 செ.மீ. நீரழுத்தம் என்றோ, அழுத்தம் ஏறும். நுரையீரல் நிரம்ப நிரம்பக் காற்றோட்டம் தணியும். உச்ச அளவில் கால் பங்குக்கு அது இறங்கியதும் கருவி தன் வேலையை நிறுத்தி, மூச்சு வெளியேற வழிவிடும். இவ்வளவும் ஒரு வினாடி அளவில் நடந்து முடிகிறது. எப்போது இழுப்பது, எவ்வளவு நேரம் இழுப்பது, நிமிடத்துக்கு எத்தனை முறை என்பதெல்லாம் நோயாளியின் பக்கம். எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும் மருத்துவரின் பக்கம். நோயாளி இழுக்காவிட்டால் கருவி சும்மா இருக்கும். குறித்த நேரம்வரை இழுப்பே வராவிட்டால் அலாரம் அடித்து, கருவியே மூச்சு கொடுக்கும் கட்டாய முறைக்கு மாறிக்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. துணை முடிந்து பதிலீடு தொடங்கும் எல்லை அந்த அலாரம்தான்.

வென்டிலேட்டர் பற்றிய அறநெறி உருவானது பதிலீட்டுக் காலத்தில். 1952இல் கோபன்ஹேகன் நகரத்தை இளம்பிள்ளை வாதம் தாக்கியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசத் தசைகள் செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தார்கள். மருத்துவமனையில் இருந்த எதிர்மறை அழுத்தக் கருவிகள் மிகச் சில. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தலாம் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படிச் செய்தபோது அவள் பிழைத்தாள். அடுத்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, படுக்கையருகே உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். நூற்றுக்கு எண்பதைத் தாண்டியிருந்த இறப்பு விகிதம் இருபதுகளுக்கு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் பிறந்தது.

அந்த மாணவர்களின் கை நின்றால் குழந்தையின் மூச்சு நிற்கும். கையின் இடத்துக்கு இயந்திரம் வந்தபோதும் இதே படிமம் நிலைத்தது: கருவி ஓடினால் உயிர் ஓடும், நின்றால் நிற்கும். ஐசியு வாசலில் உறவினர்கள் இன்றும் கேட்கும் முதல் கேள்வி, ‘மெஷின்லதான் மூச்சு ஓடுதா டாக்டர்?’ என்பதே. ஆம் அல்லது இல்லை என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வி அது. பிரஷர் சப்போர்ட்டில் இருக்கும் நோயாளியைப் பற்றி ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

சமயத் தலைமைகளில், கருவியை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வியை முதலில் நேருக்கு நேர் எதிர்கொண்டது கத்தோலிக்கத் திருச்சபை. இன்ஸ்புரூக் நகர மயக்கவியல் மருத்துவர் புரூனோ ஹைட் எழுப்பிய வினாக்களுக்கு, 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஓர் உரையில் விடை தந்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள வேண்டிய கடமை மனிதனுக்கு உண்டு, அசாதாரண வழிகளைக் கையாள வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர் நிலை. நம்பிக்கையற்ற நிலையில் சுவாசக் கருவியை அகற்றலாம் என்றும், இறப்பு எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்று சொல்வது திருச்சபையின் வேலையன்று, மருத்துவத்தின் வேலை என்றும் அவர் கூறினார். சாதாரணம், அசாதாரணம் என்ற இந்தப் பாகுபாடு அவர் புதிதாகக் கண்டதன்று. மயக்க மருந்து இல்லாத 16ஆம் நூற்றாண்டில், கால் அறுத்துக்கொள்ள மறுக்கும் ஒருவன் தற்கொலைப் பாவம் செய்தவனாவானா என்று ஸ்பானிய இறையியலாளர்கள் வாதிட்ட காலத்திலிருந்து வருவது. தொமிங்கோ பானியெஸ் 1595இல் இந்தச் சொற்களை நிலைநிறுத்தினார். அவர்களின் அளவுகோல் நோயாளி தாங்க வேண்டிய சுமை. கருவியின் நுட்பம் அவர்கள் பேச்சில் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் இதை மறந்து, எல்லா வென்டிலேட்டரும் அசாதாரணம் என்றோ, எளிதில் கிடைப்பதால் இன்று எல்லாமே சாதாரணம் என்றோ சூத்திரம் செய்துகொண்டார்கள். ஒரே கருவி 6 செ.மீ. அழுத்தத்தில் சாதாரணமாகவும், 22இல் அசாதாரணமாகவும் ஆகலாம் என்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.

மூச்சு யாருடையது என்ற கேள்விக்கு உடலியல் தரும் விடை வியப்பானது. அது யாருடைய விருப்பமும் அன்று. மூளைத்தண்டின் முகுளத்தில் உள்ள சிறு நரம்பணுக் கூட்டமே தாளத்தை எழுப்புகிறது. அது கழுத்துத் தண்டுவடம் வழியே உதரவிதானத்துக்கு இறங்குகிறது. தூக்கத்திலும் ஓடுகிறது, மயக்கத்திலும் ஓடுகிறது. மனிதன் மூச்சை அடக்கலாம், நீட்டலாம். சும்மா விட்டுவிட்டால் அது தன் வழியே போகும். பூரகம், கும்பகம், இரேசகம் என்று அதைப் பிடித்துப் பழக்கும் யோக மரபு முழுவதும் இந்த இரட்டை உரிமையின்மேல் எழுந்ததே. உடலில் விருப்பத்துக்கும் தன்னியக்கத்துக்கும் இவ்வளவு வெளிப்படையான பொதுவிடம் வேறில்லை. ஆகவே வென்டிலேட்டரின் உணரி கண்டுகொள்வதை ‘நோயாளி வாழ விரும்புகிறார்’ என்று படிப்பது தவறு. முகுளம் உயிரோடிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

மூச்சைப் பற்றி உபநிடதங்களிலும் இரண்டு போக்குகள் உண்டு. புலன்கள் தமக்குள் யார் பெரியவர் என்று சண்டையிட, மூச்சு கிளம்ப எத்தனித்ததும் எல்லாம் ஆட்டங்கண்டு அதன் தலைமையை ஒப்புக்கொண்ட கதை சாந்தோக்கியத்திலும் பிருகதாரண்யகத்திலும் வருகிறது. அதன்படி மூச்சே முதல். கட உபநிடதம் வேறு வழியில் செல்கிறது: உள்ளே போவதும் வெளியே வருவதுமான மூச்சையும் தாங்கி நிற்கும் வேறொன்றை அது உயிர்வாழ்வின் காரணமாக வைக்கிறது. முதல் பார்வையில் நிற்பவருக்கு வென்டிலேட்டரைத் தொடுவது உயிரையே தொடுவது. இரண்டாவதில் நிற்பவருக்கு மூச்சு ஒரு கருவி, வென்டிலேட்டர் அந்தக் கருவிக்கு ஒரு கருவி. ஒரே வீட்டில், ஒரே நோயாளியின் பிள்ளைகளுக்குள்ளேயே இந்த இரண்டும் மோதுவதை ஐசியு மருத்துவர்கள் அறிவார்கள். அவர்களில் யாரும் உபநிடதம் படித்திருக்க வேண்டியதில்லை.

துணைக்கும் செயலுக்கும் உள்ள உறவைத் தமிழ்ச் சிந்தனை மிக நுட்பமாக ஆய்ந்திருக்கிறது. அது பேசியது இறையருளைப் பற்றி. ஆனால் அதன் தருக்கம் இங்கே பொருந்துகிறது. இறைவனைப் பற்றும் உயிர் குரங்குக்குட்டி போலவா, பூனைக்குட்டி போலவா என்பது வைணவத்தில் வடகலையும் தென்கலையும் நெடுங்காலம் நடத்திய வழக்கு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்லும். கட்டாயச் சுவாசத்தில் இருப்பவர் பூனைக்குட்டி, பிரஷர் சப்போர்ட்டில் இருப்பவர் குரங்குக்குட்டி. இறையியலுக்கு எது சரி என்பது கேள்வி. மருத்துவத்துக்கு எந்த நாளில் எது சரி என்பது கேள்வி. சைவ சித்தாந்தம் இன்னும் ஓர் அடி உள்ளே போகிறது. கண் காண்கிறது, ஆனால் உயிர் காட்டாமல் கண் காணாது. உயிர் அறிகிறது, ஆனால் சிவன் காட்டாமலும் உடன்நின்று காணாமலும் உயிர் அறியாது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராம் சூத்திரத்தை ஒட்டி, காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரையாசிரியர்கள் விரித்தது இதை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: துணைபுரிபவனின் பங்கு கூடினால் செயல்படுபவனின் பங்கு அந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்ற கணக்கை இந்த மரபு ஏற்பதில்லை. செயல் முழுதும் உயிருடையதாகவும், முழுதும் துணையால் ஆனதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பிரஷர் சப்போர்ட்டில் எழும் ஒரு மூச்சு நோயாளியுடையதே என்று சொல்ல இந்தத் தருக்கம் போதும்.

ஆனால் கருவி இறைவன் அன்று. அதன் துணைக்கு அளவு தெரியாது. துணை மிகுந்தால் உடல் கெடும் என்பது உடலியல் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. மூளைச்சாவடைந்து உறுப்புக் கொடை அளித்த 14 பேரின் உதரவிதானத் தசையை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முழுப் பதிலீட்டில் 18 முதல் 69 மணி நேரம் சும்மா கிடந்ததிலேயே தசையிழைகளின் குறுக்குப் பரப்பு பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது தெரிந்தது. பிரஷர் சப்போர்ட்டிலும் அழுத்தத்தை அளவுக்கு மீறி வைத்தால் வேறொன்று நடக்கும். ஒவ்வொரு மூச்சும் பெரிதாகி, காற்று முழுதும் வெளியேறும் முன் அடுத்த இழுப்பு தொடங்கும். உள்ளே தேங்கிய அழுத்தத்தை மீறி நோயாளியின் முயற்சி உணரிக்கு எட்டாது. அவர் இழுப்பார், கருவி அறியாது. மார்பு அசைவதும் திரையில் கோடு அசையாததும் ஒன்றாகக் கண்ணில் படும். தூக்கத்தில் இன்னொரு விபரீதம்: அளவு மீறிய துணையால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முகுளத்துக்கு மூச்சுக் கேட்கும் தேவையே போய்விடும். நோயாளி மூச்சை நிறுத்துவார், அலாரம் அடிக்கும், விழிப்பார், மறுபடி தூங்குவார், மறுபடி நிறுத்துவார். குறைவாக வைத்தாலும் தீங்குதான். நலமானவரின் உடல் மூச்சுக்காகச் செலவிடும் ஆக்சிஜன் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. திணறும் நோயாளியிடம் அது பல மடங்கு ஏறி, மற்ற உறுப்புகளுக்குப் போக வேண்டியதை மூச்சுத் தசைகளே தின்றுவிடும். மூச்சுத் திணறலைப் போல மனிதனை அச்சுறுத்தும் வேதனை வேறில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி ஏமாறும் இடமும் உண்டு. அது தத்துவ வாசகர்களின் கண்ணில் இதுவரை அதிகம் படாதது வியப்பு. மூளைத்தண்டு முற்றிலும் இறந்த ஒருவர் பிரஷர் சப்போர்ட்டில் கிடக்கிறார். இதயம் இன்னும் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் மார்புக்குள் உள்ள காற்றைச் சிறிதே அசைக்கும். உணரி மிக நுண்ணியதாக வைக்கப்பட்டிருந்தால், அந்த அசைவையே மூச்சிழுப்பு என்று எடுத்துக்கொண்டு வால்வைத் திறக்கும். குழாயில் சிறு கசிவு, தேங்கிய நீர்த்துளி எதுவும் இதைச் செய்யக்கூடும். திரையில் ‘தானாக விடும் மூச்சு நிமிடத்துக்கு 18’ என்று வரும். மகன் அதைப் பார்த்து, அப்பா மூச்சு விடுகிறார் என்பான். கருவியைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் குழாய்க்குள் விட்டு, கரியமில வாயு 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டும்வரை மார்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சோதனையில்தான் உண்மை தெரியும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மூளைத்தண்டு இறப்பை உறுதிசெய்யும் மருத்துவர் குழு இந்தச் சோதனையை ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்ய வேண்டும். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, மூளையின் செயல்கள் அனைத்தும் மீளாதபடி நின்றுவிட்டால் கருவியின் துணையால் இதயம் துடித்தாலும் அக்கருவிகளை அகற்றலாம் என்று தீர்மானித்தது. மூச்சையே உயிரின் அடையாளமாகக் கொள்ளும் பார்வைக்குப் பிரஷர் சப்போர்ட் வைக்கும் கடினமான சோதனை இது: இங்கே மூச்சு தெரிகிறது, மூச்சு விடுபவர் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு காரென் ஆன் குவின்லனுடையது. 1975 ஏப்ரலில், 21 வயதில், நியூஜெர்சியில் மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்ட அவர் நினைவு திரும்பாமல் கருவியில் இருந்தார். கத்தோலிக்கரான பெற்றோர், பங்குத் தந்தையிடம் ஆலோசித்து, வென்டிலேட்டர் அசாதாரண வழி என்று முடிவு செய்து அதை அகற்றக் கோரினார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1976 மார்ச் 31 அன்று அனுமதி தந்தது. மருத்துவர்கள் கருவியைச் சட்டென்று நிறுத்தவில்லை; மே மாதத்தில் படிப்படியாக விலக்கினார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது இறப்பு. அவர் மூச்சு விட்டார். 1985 ஜூன் வரை, ஒன்பது ஆண்டுகள், கருவியின்றி மூச்சு விட்டார். உணவுக் குழாயை அகற்றப் பெற்றோர் கேட்கவில்லை. அது அவர்களுக்குச் சாதாரண வழி. அந்தக் காலத்துக் கருவிகளில் பிரஷர் சப்போர்ட் கிடையாது; இருந்திருந்தால், அவருடைய முகுளம் வேலை செய்கிறது என்பது நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கலாம். கருவியை எடுப்பதும் கொல்வதும் ஒன்றே என்ற வாதம் அந்த மே மாதத்தில் உடைந்தது. கருவியை எடுத்தபின் என்ன நடக்கும் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவத்தின் அன்றாட வேலை. மருத்துவமனைப் பேச்சில் வீனிங். இன்று பல இடங்களில் அது ஒரே சோதனையாகச் சுருங்கியிருக்கிறது: அழுத்தத்தை 8க்கோ 5க்கோ இறக்கி அரை மணி நேரம் பார்ப்பது. ஸ்பெயினில் 1,153 நோயாளிகளிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 8 செ.மீ. துணையுடன் அரை மணி நேரம் சோதித்தவர்களில் 82 விழுக்காட்டினர் கருவியிலிருந்து வெற்றிகரமாக விடுபட்டார்கள். துணையே இல்லாமல் இரண்டு மணி நேரம் சோதித்தவர்களில் 74 விழுக்காடு. பிழைக்க வாய்ப்பில்லாதவரிடமும் இதே குமிழ், இதே எண்கள், இதே கை: 16, 12, 8, 4. முதலாவது விடுவிப்பு, இரண்டாவது சாகவிடுதல். வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றிப் பேசும்போது வைத்த விடை, நோக்கத்தில் என்பது. ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். நோக்கம் நல்லதன்மேல் இருந்து, தீயது பக்கவிளைவாக மட்டும் வந்தால் குற்றமில்லை. மார்ஃபின் கொடுத்துத் திணறலைத் தணிப்பதை இன்றைய மருத்துவ அறநெறி இதைக்கொண்டே நியாயப்படுத்துகிறது. எதிர்ப்பு வழக்கமானது: நோக்கம் மனதுக்குள் இருப்பது, அதை யார் பார்த்தார்கள்? பிரஷர் சப்போர்ட் இந்த எதிர்ப்புக்கு எதிர்பாராத பதில் ஒன்றை வைத்திருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தபின் நோயாளியின் மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டுகிறது, வியர்க்கிறது, ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்குகிறது. விடுவிப்புச் சோதனையாக இருந்தால் மருத்துவர் உடனே பழைய அழுத்தத்துக்குத் திரும்புவார். இன்று முடியவில்லை, நாளை பார்ப்போம் என்பார். சாகவிடுதலாக இருந்தால் திரும்பமாட்டார், மார்ஃபினைக் கூட்டுவார். நோக்கம் மனதுக்குள் ஒளிந்திருக்கும் பொருள் என்று யார் சொன்னது? அது 35ஆவது மூச்சில் கையில் வெளிப்படுகிறது, செவிலியரின் குறிப்பேட்டில் பதிவாகிறது.

இதை நீதிமன்றத்தில் கேட்க நேர்ந்தது 2002இல், இங்கிலாந்தில். மிஸ் பி என்று மட்டும் ஆவணங்களில் அறியப்படும் பெண், கழுத்துத் தண்டுவட இரத்தக் கசிவால் 2001இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்தார். முழு அறிவுத் தெளிவோடு, கருவியை நிறுத்தும்படி கேட்டார். ஓராண்டாக அவரைப் பேணிய மருத்துவர்களுக்குக் கருவியை நிறுத்த மனம் வரவில்லை. அவர்கள் முன்வைத்தது ஒருவழி வீனிங்: துணையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவது, தாங்க முடியாவிட்டாலும் மறுபடி கூட்டாதிருப்பது. அவர் மறுத்தார், இறப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும், வேதனை மிகும், தன்னுடைய கண்ணியம் போகும் என்றார். நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ், முடிவெடுக்கும் திறனுடைய நோயாளியின் மறுப்பை மீறிக் கருவியைத் தொடர்ந்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அடையாளமாக 100 பவுண்டு இழப்பீடு விதித்தார். அந்தப் பெண் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் தம் விருப்பப்படி கருவி நிறுத்தப்பட்டு இறந்தார்.

மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். இருபதிலிருந்து பதினெட்டு யாரையும் கொல்லாது, பதினெட்டிலிருந்து பதினாறும் கொல்லாது. எந்த ஒரு படியும் கொலையாகத் தோன்றாததால் மொத்தமும் தாங்கக்கூடியதாகிறது. கிரேக்கரின் குவியல் புதிர் இங்கே மனசாட்சிக்கு மருந்தாகிறது: ஒவ்வொரு மணலாக எடுத்தால் குவியல் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குறைப்பவருக்கு இதம் தரும் அதே சிறு படிகள், விழித்திருக்கும் நோயாளிக்குத் திணறலின் நாட்களை நீட்டுகின்றன. அவர்கள் முன்வைத்ததில் இருந்த கோளாறு வேகத்தில் இல்லை. துன்பத்தைப் பார்த்தும் திரும்பமாட்டோம் என்ற முடிவை எடுத்துவிட்டு, அதைச் சிகிச்சை முறையின் பெயரில் வைத்ததில் இருந்தது. நினைவிழந்த நோயாளியிடம், போதிய மார்ஃபினோடு, படிப்படியாகக் குறைப்பது மிகவும் கருணையான வழியாக இருக்கலாம். திடீரென நிறுத்தினால் எழும் திணறலை அது தவிர்க்கும். படிகளின் எண்ணிக்கை அறத்தைத் தீர்மானிப்பதில்லை.

யூத மரபில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய வடிவம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த ரபி மோசஸ் இஸ்ஸர்லிஸ், இறந்துகொண்டிருப்பவரை விரைவுபடுத்துவது கூடாது, ஆனால் உயிர் பிரிவதைத் தடுக்கும் ஒன்று அருகில் இருந்தால் அதை நீக்கலாம் என்று எழுதினார். அவர் தந்த எடுத்துக்காட்டுகள் வீட்டருகே விறகு வெட்டும் ஓசை, நாக்கில் வைத்த உப்பு. வென்டிலேட்டர் அந்த விறகு வெட்டும் ஓசையா, இல்லை நோயாளியின் மூச்சேயா? ரபிகள் இதில் இரண்டு பக்கம் நின்றார்கள். 2005 டிசம்பரில் இஸ்ரேல் இயற்றிய மரணத்தறுவாய் நோயாளிச் சட்டம், ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடியவரின் விருப்பத்தை மதித்தாலும், தொடர்ந்து நடக்கும் சிகிச்சையை இடையில் நிறுத்துவதைத் தடைசெய்தது. விட்டுவிட்டு நடக்கும் சிகிச்சையைப் புதுப்பிக்காதிருக்க அனுமதித்தது. டயாலிசிஸை அடுத்த முறை தொடங்காமல் விடலாம், வென்டிலேட்டரை நிறுத்தக் கூடாது. தப்பிக்க அவர்கள் கண்ட வழி நேரக் கடிகாரம்: யூதரின் ஓய்வுநாளான சப்பாத்தில் விளக்கைத் தானே அணைக்கும் கடிகாரம் போல, வென்டிலேட்டர் குறித்த நேரத்தில் தானே நிற்கும்படி அமைத்துவிட்டால், தொடர் சிகிச்சை விட்டுவிட்டு நடக்கும் சிகிச்சையாகிவிடும். இது சட்ட நுணுக்க விளையாட்டு என்று சிரிப்பது எளிது. ஆனால் கடிகாரம் ஒரு நன்மை செய்கிறது: தொடர்வதையும் ஒரு முடிவாக்குகிறது. எந்தக் கடிகாரமும் இல்லாத ஐசியுக்களில் வென்டிலேட்டர் நாளுக்கு நாள் நீள்வதற்கு யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள்.

பிரஷர் சப்போர்ட் இந்தப் பாகுபாட்டையும் குழப்புகிறது. கட்டாய முறை தொடர் சிகிச்சை என்பது சரி. ஒவ்வொரு மூச்சையும் நோயாளி கேட்டபின் கொடுக்கும் முறை தொடர்வதா, விட்டுவிட்டு நடப்பதா? இஸ்ஸர்லிஸின் பாகுபாட்டுக்கும் அதே கதி. 5 செ.மீ. அழுத்தம் பெரும்பாலும் தொண்டைக் குழாயின் தடையை ஈடுகட்டவே போகிறது. குழாயோடு சேர்த்து அதை எடுப்பது, சொல்லுக்குச் சொல், ஒரு தடையை நீக்குவது. 20 செ.மீ. அழுத்தத்தில் மூச்சின் பெரும்பகுதியே அதுதான். ஒரே கருவி ஒரு நாள் விறகு வெட்டும் ஓசை, மறுநாள் மூச்சு. எது என்று சொல்ல நூல் போதாது. திரையைப் பார்க்க வேண்டும், நோயாளியின் கழுத்துத் தசைகளைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் வழக்கில் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. முன்கூட்டி எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. அப்போது வகுத்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதில் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும் இரண்டாம் குழுவும் விரைந்து கருத்துச் சொல்ல வேண்டும். தீர்ப்பு பேசுவது சிகிச்சையைத் தொடங்காதிருப்பதையும் விலக்குவதையும். அழுத்தத்தை 14இலிருந்து 10க்கு இறக்குவது காலைச் சுற்றில் நாள்தோறும் எழுதப்படும் சாதாரண உத்தரவு. அதற்குக் குழுவின் ஒப்புதல் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. அதே உத்தரவு விலக்குதலாகும் நாளில் குழு, குடும்பம், நோயாளியின் விருப்ப ஆவணம் அனைத்தும் அதற்கு முன் வந்தாக வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த உத்தரவின்கீழ் இன்னும் ஒரு வரி தேவைப்படும்: மூச்சு 35ஐத் தாண்டினால் அழுத்தத்தைக் கூட்டுவதா, மார்ஃபினைக் கூட்டுவதா என்பது.